அக்தர் பானுவின் உருளை

அந்த வியாழக்கிழமை மதியம் ஆம்பூரில் வாஹித் பாஷா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

வாஹித் பாஷா. தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி. பெட்டியை வாங்க இருந்தவன்.

மஹபூப் பாஷா. அவன் மனைவியின் தம்பி. வேடிக்கை பார்க்க வந்தவன்.

இன்பசேகரன். வேலூரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்த பழஞ்சாமான் வியாபாரி.

கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னால் முனவ்வர் பேகம். வாஹித்தின் மனைவி.

அவள் பக்கத்தில் ரஃபத் ஜஹான். வாஹித்தின் செத்துப்போன அண்ணன் மகள். வயது பதினாறு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ்.

எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான். திரைக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டதாக மஹபூப் பிற்பாடு சொன்னான். அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது இது. இன்பசேகரன் ரயிலில் வந்திருந்தான். ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டி, வண்டியில் வைக்கோல், வைக்கோலுக்குள் கம்பளி சுற்றிய பெட்டி. பிள்ளைத்தாய்ச்சியை இறக்குவது போலப் பார்த்துப் பார்த்து இறக்கினான். வேலூரில் எந்த வெள்ளைக்காரன் சீமைக்குக் கப்பல் ஏறினாலும், எவன் கல்லறைக்குப் போனாலும், அவன் வீட்டு நாற்காலியும் கடிகாரமும் பீங்கானும் இன்பசேகரன் கைக்குத்தான் வரும். புதிதாக வாங்க ஆசை இருந்து கை எட்டாத பெரிய மனுஷர்களிடம் அதை விற்றுப் பிழைத்தான்.

சித்திரை வெயில். பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. ஊருக்கே உரிய வாடை தெருவில் நின்றது. பச்சைத் தோலும் ஆவாரம் பட்டையும் சேர்ந்து ஊறும் வாடை. வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்துவான். ஊர்க்காரனுக்கு அது வெறும் காற்று.

"இன்னா சாயபு, இந்த வாடையில எப்படித்தான் சோறு எறங்குது உங்களுக்கு?" என்றான் இன்பசேகரன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"எங்களுக்கு இதான் அத்தர்," என்றான் மஹபூப். "ரெண்டு நாள் இருங்க. வேலூருக்குத் திரும்பினா அந்த ஊரு வாசனையே இல்லாம சப்புன்னு இருக்கும்."

பெட்டி வாஹித்துக்காக இல்லை. மாப்பிள்ளை, பேரணாம்பட்டு அமீர் பாஷா, கேட்டு அனுப்பியிருந்தான். சீர்வரிசையில் கட்டில், பாத்திரம், பட்டு எல்லாம் இருக்கட்டும். பேசும் பெட்டி ஒன்றும் இருக்க வேண்டும். குடியாத்தத்தில் அவனுக்குப் போட்டியான வியாபாரி வீட்டில் ஒன்று வந்து இறங்கிவிட்டதாம். அமீர் பாஷாவுக்கு ஐம்பது வயது. பேரணாம்பட்டில் பாதித் தோல் ஷாப்பு அவனுடையது. மதராஸ் துறைமுகம் வரை பேர். இரண்டு மனைவிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாஹித்தின் ஷாப்பில் தோல் ஊறும் குழிகள் பாதி காய்ந்து கிடந்தன. அமீர் பாஷா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானால் குழிகள் நிறையும்.

ரஃபத் ஜஹானுக்கு இதில் விருப்பமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் அழவில்லை. சாப்பிடாமல் கிடக்கவில்லை. வேண்டாம் என்பதற்கு அவர்கள் வீட்டு உருதுவில் ஒரு சொல் உண்டு. நக்கோ. கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். சின்னப் பெண், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

முக்காலி மேல் பெட்டியை வைத்து, ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த பித்தளைக் குழாயை மாட்டி, சாவி கொடுத்து, இன்பசேகரன் ஒரு மெழுகு உருளையை ஓட்டினான். வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்டு கூடத்தில் முழங்கியது. மஹபூப் மண்டியிட்டுக் குழாய்க்குள் தலையை நீட்டினான்.

"உள்ள குள்ளன் எவனாச்சும் இருக்கானா?"

"குள்ளன் இல்ல சாயபு. மெழுகு. நீங்க பேசினா முள்ளு மெழுகுல கீறும். கீறின மேலயே மறுபடி முள்ள ஓட்டினா பேசினது திரும்பி வரும். பேசினது புடிக்கலையா, மேல் மெழுகச் சீவிட்டு வேற பேசலாம்."

"அட, நல்லா இருக்குதே. மனுஷன் பேச்சையும் இப்படிச் சீவ முடிஞ்சா?"

வாஹித் சிரிக்கவில்லை. அவன் எந்தப் பொருளையும் தோலாகத்தான் பார்ப்பான். பெட்டியைச் சுற்றி வந்து மரத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினான். ஓட்டை, தையல், ஒட்டு எதையாவது மறைத்திருக்கிறானா என்று தேடினான். அடித்தட்டில் பஞ்சு சுற்றி ஓர் உருளை கிடந்தது. மேலே ஒரு சீட்டும் ஒட்டியிருக்கவில்லை.

"இது இன்னா?"

"அது வேணாம் சாயபு." இன்பசேகரன் கொஞ்சம் சங்கடப்பட்டான். "பெட்டிய வச்சிருந்த தொரைக்கு ஒரு கிறுக்கு. கல்யாண வீடுங்களுக்கு எடுத்துனு போயி சத்தம் புடிப்பாராம். இது உங்க ஆளுங்க கல்யாணம் போல இருக்குது. எனக்கு உருது வராது. ஒரு பொம்பள ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொல்லுது. திருப்பத்தூர்ல ஒரு சாயபுக்குப் போட்டேன், எழுந்து போய்ட்டாரு. வாணியம்பாடியில ஒருத்தர், வாய்ல வச்ச வெத்தலையத் துப்பிட்டாரு. அப்படி இன்னா இருக்குதுன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேன்றாங்க."

"போடு. வாங்கறவன் எல்லாத்தையும் பார்த்துத்தான் வாங்குவான்."

இன்பசேகரன் போட்டான்.

முதலில் மணலில் தூறல் விழுவது போன்ற இரைச்சல். அதற்குள் ஒரு கூட்டத்தின் சலசலப்பு, குழந்தை அழுகை, தட்டு வைக்கும் சத்தம். எங்கோ தூரத்தில் நடந்து முடிந்த கல்யாணம். பிறகு செருப்பில்லாத கால்கள் நடந்து வந்தன. ஒரு ஆண் குரல், அவசரமான குரல், கேட்டது.

"அக்தர் பானு. உனக்குக் கபூலா?"

வாஹித்துக்கும் மஹபூபுக்கும் அது கல்யாணத்தில் எந்தக் கட்டம் என்று உடனே தெரிந்துவிட்டது. நிக்காஹ் அன்று பெண் தரப்பில் ஒருவன் வக்கீலாக நின்று, இரண்டு சாட்சிகளோடு திரைக்குப் பின்னால் போவான். இந்த மாப்பிள்ளை உனக்குக் கபூலா, சம்மதமா என்று மூன்று தரம் கேட்பான். பெண் கபூல் என்பாள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அதையும் சம்மதமாக எடுத்துக்கொள்வது வழக்கம். பிறகு அவன் வெளியே வந்து சபைக்குச் சொல்வான். திரைக்கு அந்தப் பக்கம் நடந்தது சபைக்குத் தெரிவது அவன் வாய் வழியாகத்தான்.

அந்தப் பெண் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"நக்கோ."

"கபூலா?"

"நக்கோ."

"அக்தர் பானு, கபூலா?"

"நக்கோ."

கால்கள் திரும்பி நடந்தன. சலசலப்பு பெரிதாயிற்று. அதே ஆண் குரல், இப்போது நிதானமாக, ஊருக்குக் கேட்கும்படி சொன்னது.

"கபூல் சொல்லிட்டா. முபாரக்."

முபாரக், முபாரக் என்று பல குரல்கள். பிறகு இரைச்சல்.

உருளை அதோடு முடியவில்லை. இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். குழாயின் வாய்க்கு மிக அருகே, உதடு பித்தளையில் படும் தூரத்தில்.

பச்சைத் திரை ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்ப வந்தது. கூடத்தில் காற்றே இல்லை.

மஹபூப் எழுந்து நின்றான். "பாயி. இது வேணாம். அனுப்பிடுங்க."

"இன்னா சாயபு, இன்னா சொல்லுது அது?" என்றான் இன்பசேகரன்.

வாஹித் உருளையைக் காட்டினான். "சீவு," என்றான்.

இன்பசேகரன் சின்னக் கத்தியை மாட்டிச் சாவி கொடுத்தான். மேல் மெழுகு வெள்ளைச் சுருளாக உரிந்து முக்காலியில் விழுந்தது. மெழுகு வாடை வரவில்லை. சுண்ணாம்புக் குழியின் வாடை வந்தது. மயிர் உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் குழி. மூக்கின் அடியில் எரியும் அந்த வாடையை வாஹித் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். அவன் ஷாப்பு ஊர்க் கோடியில் இருந்தது; குழி வாடை வீடு வரை வராது.

"இப்ப பேசுங்க சாயபு. உங்க குரலயே கேக்கலாம்."

குழாயில் வாயை வைத்து வாஹித் தன் பேரையும் ஊரையும் சொன்னான். தன்னிடம் வாங்கினால் சரக்கு சுத்தமாக இருக்கும் என்று சொன்னான். வியாபாரத்தில் எப்போதும் சொல்கிற வார்த்தைகள். முள்ளைத் திருப்பி ஓட்டியதும் அவையே ஒழுங்காகத் திரும்பி வந்தன. வேறு எந்தக் குரலும் இல்லை. தன் குரலை அவன் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்டான். அது பொய் சொல்கிறவனின் குரலாக இருந்தது. பெட்டியின் கோளாறு என்று நினைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா? போய்ட்டுது. சுத்தமா இருக்குது," என்றான் இன்பசேகரன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பெட்டி கிடைக்காது. வாஹித் தோளில் கிடந்த துணியை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு, அந்தக் கையை முக்காலியின் மேலாக நீட்டினான். தோல் மண்டியில் பேரம் அப்படித்தான் நடக்கும். வாய் திறந்து விலை சொல்ல மாட்டார்கள். துணிக்கடியில் இவன் விரலை அவன் பிடிப்பான். எந்த விரல், எத்தனை அழுத்தம் என்பதுதான் விலை. பிடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து இறுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் வாக்கு மாறியவனுக்கு மண்டியில் இடமில்லை.

வாஹித் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். துணிக்கடியில் ஒரு கை வந்தது.

சின்னக் கை. குளிர்ந்திருந்தது. வேலூர்க்காரன் குடத்தில் கை விட்டுத் தண்ணீர் குடித்திருப்பான் என்று நினைத்தான். தன் விலையை அழுத்தினான். அந்தக் கை மறு பேச்சில்லாமல் அவன் உள்ளங்கையைப் பிடித்து இறுக்கியது. இவ்வளவு சுலபமா என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் அவன் கட்டைவிரல், தன் பாட்டுக்கு, பழக்க தோஷத்தில், அந்தக் கையின் மேல் ஓடியது.

ஊதியிருந்தது. வழுக்கியது. மேல் தோல் விரலோடு நகர்ந்து வந்தது. சில நாள் சுண்ணாம்பில் கிடந்து, மயிர் வழிக்கப் பதமாகிவிட்ட தோல்.

கையை உருவ முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே விட்டது.

"முடிஞ்சது," என்றான் வாஹித்.

"இன்னா முடிஞ்சது?" இன்பசேகரனின் குரல் ஜன்னலோரத்திலிருந்து வந்தது. அங்கே உட்கார்ந்து கம்பளியை மடித்துக்கொண்டிருந்தான். "துணியப் போட்டுட்டு செவுத்தப் பாத்துனு நின்னீங்க. ஏதோ தொழுகை போல இருக்குது, தொந்தரவு பண்ண வேணாம்னு இப்படி வந்து உக்காந்தேன்."

அவன் நாற்காலி வியாபாரி. தோல் மண்டிப் பேரம் அவனுக்குத் தெரியாது. துணிக்கடியில் கை விட வேண்டும் என்றே தெரியாது.

மஹபூப் துணியைப் பார்த்தான். முக்காலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெள்ளை மெழுகுச் சுருள்கள் மட்டும் கிடந்தன.

"பாயி," என்றான் மெல்ல. "யாருகிட்ட பேரம் முடிச்சீங்க?"

வாஹித் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வெயில், பசி, இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றான். கேட்ட விலையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கினான். இன்பசேகரன் அவசரமாக ரயிலுக்குப் போனான். அவன் முகத்தில், கொஞ்ச நாளாகத் தன் வீட்டில் இருந்த ஒன்று ஒருவழியாகப் போய்த் தொலைந்த நிம்மதி தெரிந்தது.

சாயங்காலம் முனவ்வர் பேகம் கணவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் அப்படி உட்காருகிறவள் இல்லை.

"அக்தர் பானு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எவளோ."

"உங்களுக்கு எப்படித் தெரியும். ஒருத்தர் பொண்டாட்டி பேர இன்னொரு ஆம்பள வாயால சொல்றதும் இல்ல, கேக்கறதும் இல்ல. அமீர் பாஷாவோட மொதல் பொண்டாட்டி. கல்யாணமாகி மூணாம் வருஷம் செத்தா. கால் வழுக்கிச் சுண்ணாம்புக் குழியில விழுந்துட்டான்னு சொன்னாங்க. எடுக்கறதுக்கே நாலு நாளாச்சாம்."

வாஹித் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வீட்டு வாசல் தாண்டாத கோஷாப் பொம்பளைக்குச் சுண்ணாம்புக் குழிகிட்ட இன்னா வேலைன்னு யாரும் கேக்கல," என்றாள் முனவ்வர். "நானும் கேக்கல. மவுத்துக்குப் போய் அழுதுட்டு, பிரியாணி தின்னுட்டு வந்தேன். இந்தக் கல்யாணம் வேணாங்க."

"தேதி வச்சாச்சு. வாக்குக் குடுத்தாச்சு. நாளைக்கு மண்டியில யாரு மூஞ்சில முழிப்பேன்?"

"அந்தப் பொண்ணு மூஞ்சில முழிப்பீங்களா?"

"ஜாஸ்தி பேசாத."

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே ரஃபத் ஜஹான் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். முனவ்வரிடம் என்று வாஹித் நினைத்தான். முனவ்வர் அப்போது கொல்லையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கூடம் நிறைந்தது. பூவும் வியர்வையும் பிரியாணியும் கலந்த வாடை. சீர்வரிசை எல்லோர் கண்ணிலும் படும்படி ஓரமாகப் பரப்பியிருந்தது. நடுவில் பெட்டி, சிவப்புத் துணி விரித்த முக்காலியின் மேல். உருளை மாட்டவில்லை. சாவி வாஹித்தின் சட்டைப் பையில் இருந்தது. மாப்பிள்ளை வந்ததும் தன் கையாலேயே ஓட்டிப் பார்க்கட்டும் என்று அப்படி வைத்திருந்தான்.

அமீர் பாஷா முகத்தில் பூச்சரம் தொங்க நடுவே உட்கார்ந்திருந்தான். பருத்த உடம்பு, சாயம் ஏற்றிய தாடி. வந்ததிலிருந்து பெட்டியைப் பற்றித்தான் பேச்சு.

நிக்காஹ் நடத்த வந்த காஜியார் தலையசைத்தார். வக்கீலாக வாஹித், சாட்சிகளாக மஹபூபும் இன்னொரு உறவுக்காரனும் திரைக்குப் பின்னால் போனார்கள்.

பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். சிவப்பு முக்காட்டுக்குள் ரஃபத் ஜஹான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் குனிந்துதான் உட்கார வேண்டும். யாரோ அவள் தலையை அழுத்தப் பார்த்தார்கள். அது குனியவில்லை.

வாஹித் மாப்பிள்ளையின் பேரையும், அவன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகையையும் மடமடவென்று சொன்னான். "ரஃபத் ஜஹான், உனக்குக் கபூலா?"

"நக்கோ, சச்சா."

சச்சா என்றால் சித்தப்பா. குரலில் நடுக்கம் இல்லை. கோபம்கூட இல்லை.

"கபூலா?"

"நக்கோ."

"கபூலா?"

"நக்கோ. நல்லாக் கேட்டுச்சா?"

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முனவ்வர் கணவனைப் பார்த்தாள். உறவுக்காரன் இருமினான். மஹபூப் கீழே விரித்திருந்த பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாஹித் திரும்பி நடந்தான். திரைக்கும் சபைக்கும் நடுவே இருந்தது கொஞ்ச தூரம்தான். தன் கால் சத்தத்தை அவன் கேட்டான். அதை அவன் ஏற்கெனவே ஒருமுறை உருளையில் கேட்டிருந்தான்.

சபைக்கு முன்னால் வந்து நின்றான். நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, வியாபாரக் குரலில் சொன்னான்.

"கபூல் சொல்லிட்டா."

முபாரக் சொல்ல வாய்கள் திறந்தன.

நக்கோ.

குழாயிலிருந்து வந்தது. தூறல் இரைச்சல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண் பேசுவது போலத் தெளிவாக வந்தது.

விசிறிகள் நின்றன.

நக்கோ.

குழந்தை ஒன்று கைகொட்டிச் சிரித்தது. தாத்தா அதன் வாயைப் பொத்தினார்.

நக்கோ.

பெட்டியில் உருளை இல்லை என்பது முன்வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. முள் அந்தரத்தில் நின்றது. எதுவும் சுற்றவில்லை. சுண்ணாம்பு வாடை மெல்லக் கூடத்தில் பரவியது. தோல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காஜியார் பேனாவைக் கீழே வைத்தார். வயசான மனுஷர், நேர்மையானவர். "வாஹித் மியான். இது இன்னா?"

"பெட்டிங்க ஹஜ்ரத். பேசற பெட்டி."

"பெட்டி கிடக்கட்டும். பொண்ணு இன்னா சொன்னா? அல்லா பார்க்கறான். பார்த்துச் சொல்லு."

ஒரு சொல். அதை மாற்றிச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சு நேரத்தில் அவன் காய்ந்து கிடந்த குழிகளை நினைத்தான்.

"கபூல்னு சொன்னா," என்றான்.

"சாட்சி?"

உறவுக்காரன் தலையாட்டினான். மஹபூப் திரையைப் பார்த்தான், அக்காவின் நிழல் அங்கே நின்றது. பிறகு பெட்டியைப் பார்த்தான். உதடு அசைந்தது. "ஆமா," என்றான்.

அமீர் பாஷா பூச்சரத்தை விலக்கிக்கொண்டு சிரித்தான். "நல்ல பெட்டியா இருக்குதே. சாவி குடுக்காமயே பேசுது. வாஹித் பாயி ஏமாறாம நல்ல சரக்காத்தான் புடிச்சிருக்காரு."

சபை சிரித்தது. தொண்டையில் சிக்கியிருந்தது இறங்கிய சிரிப்பு. எல்லோரும் கேட்டார்கள். கேட்கவில்லை என்று யாரும் பிற்பாடும் சொன்னதில்லை. ஆனாலும் சிரித்தார்கள். காஜியார் நெடுநேரம் வாஹித்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். பேரீச்சம்பழத் தட்டு சுற்றி வந்தது.

அமீர் பாஷா சிரிக்கும்போது பெட்டியைப் பார்க்கவில்லை. அதை வாஹித் ஒருவன்தான் கவனித்தான்.

பெட்டி அதற்கப்புறம் பேசவில்லை. சபைக்குச் சொல்ல வேண்டியதை அது சொல்லியாயிற்று.

பெண்ணை அனுப்பும் வண்டிகள் பேரணாம்பட்டு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஷாப்புகளுக்கு நடுவே இருந்தது அமீர் பாஷாவின் வீடு. உயரமான சுவர், தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. அவனுடைய விதவை அக்கா ஜஹீருன்னிசா இடுப்பில் சாவிக்கொத்தோடு வாசலில் நின்று பெண்ணை வாங்கிக்கொண்டாள். வண்டியிலிருந்து பெட்டி இறங்கியதைக் கண்டதும் அவள் பார்வை அதன்மேல் நிலைத்தது.

"இந்தப் பெட்டி இந்த வீட்டுக்கு முன்னயே ஒரு தரம் வந்திருக்குது, மொதல் கல்யாணத்துக்கு," என்றாள்.

பெண்கள் புழங்கும் கட்டுக்குள் கூலியாட்கள் போக முடியாது. பெண்ணுக்குச் சித்தப்பா என்பதால் வாஹித்தே பெட்டியைச் சுமந்து போனான். நெஞ்சோடு அணைத்துத் தூக்கியிருந்தான். மரத்துக்குள் ஏதோ லேசாகத் துடித்தது. தன் நெஞ்சுதான் என்று தேற்றிக்கொண்டான்.

நடையின் கோடியில் அறை. ஒரே கதவு. உயரத்தில் கம்பி போட்ட சின்னத் துவாரம். சுவர்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள்.

"மொதல்ல இருந்தவங்களுக்கும் இதான் ரூம்," என்றாள் ஜஹீருன்னிசா. "கெட்டியான கதவு."

கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு வாஹித் வெளியே வந்தான். நடையில் ரஃபத் ஜஹான் நின்றிருந்தாள். முக்காட்டைத் தூக்கி அவனை நேராகப் பார்த்தாள்.

"சச்சா."

"இன்னா பேட்டி." பேட்டி என்றால் மகள்.

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எது?"

கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை இருக்கிறதா என்று தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு தலையசைத்தாள்.

"சரி. கேட்டவங்களுக்குக் கேட்டுச்சு."

அவள் அறைக்குள் போனாள். கட்டிலில் உட்காரவில்லை. நடு அறையில், பெட்டிக்கு முன்னால் நின்றாள். அமீர் பாஷா நடையில் வந்தான். பூச்சரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். செருப்பைக் கழற்றினான். தாடியை நீவிக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வைத்தான்.

உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது.

"ரஃபத் ஜஹான். உனக்குக் கபூலா?"

ரஃபத்தின் குரல் இல்லை அது. மென்மையாக, மரியாதையாக, பதிலுக்குக் காத்திருக்கிற குரல்.

அமீர் பாஷாவின் கால் படியிலேயே நின்றது. வாஹித் அந்தக் குரலை உருளையில்தான் கேட்டிருந்தான். அமீர் பாஷா அதோடு குடித்தனம் நடத்தியிருந்தான்.

"கபூலா?"

ஜஹீருன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டாள். துணிக்கடியில் யாரிடம் எதற்குப் பேரம் முடித்தோம் என்று வாஹித்துக்கு இப்போது புரிந்தது.

"பேட்டி," என்றான் வாஹித். "பேட்டி, வெளிய வா. ஒண்ணும் பேசாத. வெளிய வா."

ரஃபத் ஜஹான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரஃபத் ஜஹான், கபூலா?"

வெட்கப்பட்டு அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. நெடுந்தூரம் சுமந்து வந்ததை இறக்கி வைக்கிறவள் போல ஒரு மூச்சு விட்டாள்.

"கபூல்," என்றாள்.

அவள் நடு அறையில்தான் நின்றிருந்தாள். கதவின் பக்கம் யாருமே இல்லை. இரண்டு பலகைகளும் ஒன்றை நோக்கி ஒன்று, அவசரமில்லாமல் வந்தன. அமீர் பாஷா காலை இழுத்துக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.